நாலாம் கட்டிலுக்கு ஒரு நாதஸ்வர ரெக்கார்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை ஒளித்துப் பிரயோஜனம் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களில் யாராவது ஒருத்தர் எழுந்து சொல்லிவிடுவார். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்ததில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் காரியம் ஒன்று உண்டு என்றால், அது இந்தக் கோபத்தால் நடந்த காரியம்தான். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் மாடியில் ஒரு அறைக்குத் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று போர்டு எழுதி மாட்டினார்கள். மாட்டின பிறகுதான் உள்ளே என்னென்ன வைப்பது என்ற யோசனையே வந்தது. கடைசியில் நாலு கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர்கள், சக்கரம் வைத்த மருந்து அலமாரி, மதுரையிலிருந்து வந்த ஒரே ஒரு மானிட்டர். இதயத் துடிப்பைப் பச்சைக் கோடாகக் காட்டுகிற பெட்டி அது. ஒவ்வொரு துடிப்புக்கும் ‘பீப்’ என்று கத்தும். சத்தத்தைக் குறைக்கிற திருகு வந்த மாசமே கழன்று போச்சு. சரி செய்யச் சொன்னால், நாலு கட்டிலுக்கு ஒரு நர்ஸ்தானே இருக்கிறீர்கள், சத்தமாகவே இருக்கட்டும் என்று பெரிய டாக்டர் விட்டுவிட்டார். அவருக்கென்ன, ரவுண்ட்ஸ் முடிந்ததும் கீழே போய்விடுவார். படுத்துக் கிடக்கிறவன் அல்லவா அதைக் கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும்.

வருசநாட்டில் பாம்பு கடித்தவர், போடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த வியாபாரி, கூடலூர் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து வந்தவர் என்று எல்லாரும் அந்த நாலு கட்டிலுக்குத்தான் வருவார்கள். வந்த வலி பாதி, அந்த அறையைப் பார்த்த பயம் பாதி. சொந்தக்காரர்களை உள்ளே விடமாட்டோம். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் முனகுவார். தலைமாட்டில் பெட்டி கத்தும். பயத்திலேயே நாடி எகிறும். தூக்க ஊசி போடலாம்தான், ஆனால் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது. அளவு மீறினால் மூச்சு இறங்கிவிடும்.

நான் தேனி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்த புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பெண். சர்ச்சில் கீர்த்தனை பாடி வளர்ந்த வாய் எனக்கு. கட்டுப் பிரிக்கும்போதும் நாடி பார்க்கும்போதும் என்னை அறியாமல் முனகிக்கொண்டிருப்பேன். திட்டும்போது மட்டும் முனகல் நிற்கும். அதனால் என் முனகல் கேட்டால் ஆயாக்கள் தைரியமாகப் பக்கத்தில் வருவார்கள்.

ஒருநாள் காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் சார்ட்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தவர், தலையைத் தூக்காமலே என்னைக் கேட்டார். அதெப்படி உங்க டூட்டியில மட்டும் எல்லாருக்கும் நாடி எட்டு, பத்து குறைவா இருக்கு? கையைப் பிடிச்சுப் பாக்குறீங்களா, இல்ல நாற்காலியில உக்காந்து எழுதுறீங்களா? ஹெட் நர்ஸான பெரிய சிஸ்டர் பக்கத்தில் நிற்கிறார். ஆயா துடைப்பத்தோடு நிற்கிறாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்வேன், பொய் எழுதுகிறவள் என்ற பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

வாங்க டாக்டர், ரெண்டு பேருமே எண்ணுவோம் என்று கூப்பிட்டேன். பாம்பு கடித்து வந்த வருசநாட்டுக்காரருக்கு அன்றைக்கு மூன்றாம் நாள். அவருடைய இடது கையை டாக்டர் பிடித்தார், வலது கையை நான் பிடித்தேன். முதலில் சும்மா எண்ணினோம். நூற்று நாலு. பிறகு நான் என் பாட்டுக்கு ஒரு கீர்த்தனையை முனகிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணினோம். தொண்ணூற்று நாலு. டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அப்புறம், உங்களுக்கு சாந்தமான சுபாவம் சிஸ்டர், அதான் பேஷண்ட் அமைதியாகிறார் என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்குச் சாந்தமான சுபாவமாம். ஆயா சிரிப்பை அடக்க முடியாமல் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் ‘நீங்க எழுதினது சரிதான்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த டேப்ரெக்கார்டர் ஒன்று வீட்டில் இருந்தது. என் முனகலுக்கே பத்து இறங்குகிறது என்றால், நல்ல பாட்டுக்கு எவ்வளவு இறங்கும் என்று காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் கருவிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நாலாம் கட்டிலுக்கு சின்னமனூர் மைக்செட்காரர் வந்து சேர்ந்தார்.

ஐம்பது வயசு இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சாவு, பொங்கல், எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டினால்தான் விசேஷம். நெஞ்சுவலி பெரிதாக வந்து, இதயத்தில் ஒரு பகுதி அடிபட்டுப் போயிருந்தது. இந்த மூணு நாள் ஆடாம அசையாம, பதறாம கிடந்தார்னா பிழைச்சுக்குவார், பதறினார்னா இதயம் தாங்காது என்று பெரிய டாக்டர் எங்களிடம் சொன்னார். ரத்த அழுத்தம் குறைவாக இருந்ததால் தூக்க ஊசியையும் கூட்ட முடியவில்லை. அவராகத்தான் அடங்கிக் கிடக்க வேண்டும்.

அந்த மனுஷனுக்கு அடங்கிக் கிடப்பதுதான் முடியாத காரியமாக இருந்தது. எல்லாருக்கும் கண்ணால் பயம் வரும், அவருக்குக் காதால் வந்தது. இருபது வருஷம் ரெக்கார்டு முள்ளின் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது. மானிட்டர் பெட்டியின் ஒவ்வொரு ‘பீப்’பையும் எண்ணிக்கொண்டே கிடந்தார். ஒரு துடிப்பு கொஞ்சம் பிந்தினால் போதும், கண்ணைத் திறந்து எழுந்திருக்கப் பார்ப்பார். எழுந்திருக்கப் பார்த்தால் துடிப்பு ஓடும். துடிப்பு ஓடினால் பெட்டி வேகமாகக் கத்தும். அது கத்தினால் இவர் மூஞ்சியில் இருக்கிற ஆக்சிஜன் முகமூடியைப் பிய்த்துப் போடுவார். முதல் நாள் முழுக்க இதே பாடாக இருந்தது.

மறுநாள் மதியம் நான் டேப்ரெக்கார்டரைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுபோனேன். பஜாரில் கேசட் கடைக்காரரிடம், நல்ல ஆண்குரலா, மெதுவா, மனசுக்கு ஆறுதலா இருக்கிற பழைய பாட்டாக் கொடுங்க என்று கேட்டு வாங்கியிருந்தேன். அவர் கொடுத்தார். நான் வீட்டில் ஒரு தடவை போட்டும் கேட்டேன். உருக்கமான குரல். வாழ்க்கை நிலையில்லாதது, எல்லாம் வந்து போகிறதுதான் என்கிற மாதிரி அர்த்தம். எனக்கு அவ்வளவு பிடித்தது. எங்கள் வீட்டுத் துக்கத்துக்கெல்லாம் கீர்த்தனைதான் பாடுவோம். குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் மூளைக்கு அப்போது எதுவும் எட்டவில்லை.

நாலாம் கட்டிலின் தலைமாட்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன்.

பாட்டு ஆரம்பித்து இரண்டு வரி போயிருக்காது. அவர் கண் அகலத் திறந்தது. விட்டத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், ஆனால் என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. முகமூடியைப் பிடுங்கி எறிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டி வெறி பிடித்ததுபோல் கத்துகிறது. நூற்றுப் பத்தில் இருந்த நாடி நூற்று நாற்பது. நான் பாட்டை நிறுத்துவதற்குள் கதவுக்கு வெளியே இன்னொரு சத்தம் கிளம்பியது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா தங்கச்சிமார்கள், மதினிமார்கள், ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள். அவரோடு பிறந்த தம்பி சட்டையைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டார், ஊருக்குத் தகவல் சொல்ல.

பெரிய டாக்டர் படியேறி ஓடிவந்தார். ஊசி போட்டு, அவரைப் பிடித்துப் படுக்கவைத்து, துடிப்பு ஒரு வழிக்கு வருவதற்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். இந்த மனுஷன் போய்விட்டால் அது என் கையால் போனதுதான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எல்லாம் அடங்கின பிறகு டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. இன்னொரு தடவை இந்தப் பாட்டுப் பெட்டி இங்கன வந்தா நீங்க ஜெனரல் வார்டுக்குப் போயிடலாம் என்று மட்டும் சொன்னார். பெரிய சிஸ்டர், இது என்ன டீக்கடையா என்று கேட்டுவிட்டு டேப்ரெக்கார்டரைத் தூக்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர்கள் திட்டியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, அதனால் எனக்கு வழக்கமாக வரும் கோபம்கூட வரவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னமனூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. கையில் ரோஜா மாலை, சம்பங்கி மாலை, மஞ்சள் பையில் கோடித் துணி. எழவு வீட்டுக்கு வருகிற முறையில் கரெக்டாக வந்திருக்கிறார்கள். மைக்செட்காரரின் சம்சாரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, என் புருஷன் உசுரோட இருக்காக, எவனாவது மாலையோட படியேறினீங்க, நடக்கறதே வேற என்று அவர்களை விரட்டினார். வேன்காரர் மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேன் மேலேயே போட்டுக்கொண்டு போனார்.

அப்புறம் அந்த அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் துணி மடிக்கிற அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எதிரில் இருந்த மூட்டைமேல் உட்கார்ந்து, அமைதியாகக் கேட்டார்.

“ஏத்தா, நீ எந்த ஊரு?”

“தேனிதாம்மா.”

“தேனியிலயும் ஆளுக சாவாகளே. அது எழவு வீட்டுப் பாட்டுன்னு உனக்கு யாருமே சொல்லித் தரலையா?”

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருமுனையில் குழாய் கட்டி முதலில் போடுகிற பாட்டு அதுதானாம். அதைக் கேட்டால் வயலில் இருக்கிறவர்கள்கூட மண்வெட்டியை வைத்துவிட்டு, யாரு வீட்டுல என்று கேட்பார்களாம். அந்தப் பாட்டை ஆயிரம் வீட்டுக்குப் போட்ட கைதான் அவருடைய கை. கண்ணை மூடிக் கிடக்கிற மனுஷன் காதில் அது விழுந்தால் என்ன நினைப்பார்? தன் சாவுக்குத் தன் செட்டையே கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

பிறகு நான் ஒன்று கேட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால் அவர் முதலில் என்ன போடுவார் என்று. அந்த அம்மா முகம் மாறிவிட்டது. கருக்கல்ல எந்திரிச்சு ஒரு நாதஸ்வர ரெக்கார்டுதான் போடுவாக, தொழில் ஆரம்பிச்சப்ப மொதல்ல வாங்கின ரெக்கார்டு அது என்று சொன்னார். அதில் பாதியில் ஒரு கீறல் உண்டு. அந்த இடம் வந்தால் முள் மாட்டிக்கொண்டு வாசித்ததையே வாசிக்கும். இவர் எங்கிருந்தாலும் அந்த இடத்துக்குச் சரியாக வந்து ஒரு விரலால் முள்ளைத் தூக்கி அடுத்த கோட்டில் விடுவார். அவர்கள் கல்யாணத்திலும் அந்த ரெக்கார்டுதான். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்கிறார், ஐயர் மந்திரம் சொல்கிறார், கீறல் வந்து நாதஸ்வரம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நிற்கிறது. மாப்பிள்ளை கழுத்து மாலையோடு எழுந்து போய், முள்ளைத் தூக்கி விட்டுவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தாராம். மணவறையில உக்காந்த பொண்ணைவிட அந்த முள்ளுதான் பெருசாப் போச்சு அவுகளுக்கு என்று அந்த அம்மா சொல்லும்போது அழுகையும் சிரிப்புமாக வந்தது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

மறுநாள் எனக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் டூட்டி. ஆனால் காலை ஏழு மணிக்கே பெரிய டாக்டர் அறை வாசலில் போய் நின்றேன். நாலாம் கட்டில்காரருக்கு அன்றைக்கு மூன்றாம் நாள். நாடி இன்னும் நூற்றுப் பதினெட்டில் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, ராத்திரி முழுக்க இதே நினைப்பாக இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. என்ன என்பதுபோல் பார்த்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன்.

“நேத்து நான் செஞ்சது தப்பு டாக்டர். ஆனா எந்த ஊசி ஒரு நிமிஷத்துல நாடிய முப்பது ஏத்தும்? பாட்டு ஏத்திச்சு. ஏத்துறதுக்கு அதுக்குப் பலம் இருந்தா இறக்குறதுக்கும் இருக்கும். தப்பான பாட்ட நான் போட்டேன். சரியான பாட்டு அவுக வீட்ல இருக்கு.”

 அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டுப் பெட்டியை இவங்க கையில குடுங்க என்றார். என்னிடம், போடும்போது நான் பக்கத்துல நிப்பேன், ஊசி கையில இருக்கும், ரெண்டு ஏறினாலும் நிறுத்திடணும் என்றார். பெரிய சிஸ்டர் சாவியைத் திருப்பிய திருப்பில் அலமாரியே ஆடியது.

மைக்செட்காரரின் சம்சாரமும் நானும் பஸ் ஏறினோம். வீரபாண்டி தாண்டி, வாய்க்கால் ஓரமாக நெல் வயல், திராட்சைப் பந்தல் என்று வந்துகொண்டே இருக்கிறது, நான் எதையும் பார்க்கவில்லை. மடியில் டேப்ரெக்கார்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினார். அவுக என்னய அந்தச் செட்டைத் தொட விட்டதே இல்ல, இருபது வருஷமா தூசி தட்டக்கூட விடமாட்டாக என்று. அப்போ வேற யாருக்காவது போடத் தெரியுமா என்று கேட்டேன். தெரிஞ்சவுக ஆஸ்பத்திரியில கிடக்காக என்றார்.

வீட்டின் முன்னறைதான் மைக்செட் கடை. சுவர் நெடுக குழாய்கள், மூலையில் ஒயர் சுருள்கள், மேஜைமேல் ரெக்கார்டு பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும். அந்த அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். சாமி படத்துக்கு விளக்கேற்றுகிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் ரெக்கார்டை உறையிலிருந்து உருவி, ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து, தட்டில் வைத்து, முள்ளைக் கொண்டுபோய் முதல் கோட்டில் இறக்கினார்.  இருபது வருஷம் தள்ளி நின்று பார்த்தே அவர் அத்தனையும் படித்து வைத்திருந்தார். நான் டேப்ரெக்கார்டரை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, பதிவு செய்கிற பொத்தானை அமுக்கினேன்.

முதலில் கரகரவென்று சத்தம். பிறகு நாதஸ்வரம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கீறல் வந்தது. முள் மாட்டியது. நாதஸ்வரம் அதே இடத்தை வாசித்தது. மறுபடி வாசித்தது. அந்த அம்மா விரலை நீட்டினார், ஆனால் தொடத் துணியவில்லை. மூன்றாவது தடவையும் வாசித்தது. “அட இருங்க, இருங்க” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முள்ளைத் தூக்கி அடுத்த கோட்டில் விட்டார். ரெக்கார்டு முடிந்ததும், மாட்டினது, நான் பேசினது எல்லாம் பதிஞ்சிருச்சே, அழிச்சிட்டு மறுபடி எடுப்போமா என்று கேட்டார். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இருக்கட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இரண்டு மணிக்கு நாலாம் கட்டிலைச் சுற்றி நாங்கள் நாலு பேர். பெரிய டாக்டர் ஊசியோடு, பெரிய சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு அந்த அம்மா கட்டிலின் கால்மாட்டில், நான் டேப்ரெக்கார்டரோடு. டேப்ரெக்கார்டரைப் பார்த்ததுமே அவருக்குப் பயம் வந்து துடிப்பு ஏறியது. நூற்று இருபத்திரண்டு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

நாதஸ்வரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்கு முன்னால் வருகிற கரகர சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்கே அவர் முகம் மாறியது. புருவம் இறங்கியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். எந்த ரெக்கார்டு, எந்த முள் என்று அந்தக் கரகரப்பிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாதஸ்வரம் எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இது பயத்தில் மூடிய கண் இல்லை, அதைப் பார்த்தாலே தெரியும். இரண்டு நாளாகப் பெட்டியின் ‘பீப்’பை எண்ணிக்கொண்டிருந்த காது முதல் தடவையாக அதை விட்டுவிட்டது. நூற்றுப் பதினாறு. நூற்றுப் பத்து. 

பாதிக்கு மேல் போனது. அவருடைய வலது கை, ஊசி குத்தாத கை, போர்வைமேல் கிடந்தது. கீறல் வருவதற்கு ஒரு கணம் முன்னால் அந்தக் கையின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது. முள்ளைத் தூக்குகிறார். ஆனால் டேப்பில் முள் மாட்டிக்கொண்டு அதே இடத்தை வாசிக்கிறது. விரல் மறுபடி எழுந்தது. மறுபடியும் அதே இடம். மூன்றாவது தடவையும் விரல் எழுந்தபோது, டேப்பிலிருந்து “அட இருங்க, இருங்க” என்று அவர் சம்சாரத்தின் குரல் வந்தது. முள் நகர்ந்து நாதஸ்வரம் மேலே போனது.

அவர் கண்ணைத் திறந்து கால்மாட்டில் நின்றவரைப் பார்த்தார். முகமூடிக்குள்ளிருந்து பேசியதால் குரல் அடியிலிருந்து வந்தது.

“நீயா போட்ட?”

அந்த அம்மா தலையை ஆட்டினார்.

“மூணு வாட்டி மாட்ட விட்டுட்டியே,” என்றார். சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாய் ஓரம் சிரித்தது. பெட்டியில் தொண்ணூற்று எட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரெக்கார்டு முடிவதற்குள் அவர் தூங்கிவிட்டார். அந்த அறைக்கு வந்து மூன்று நாளில் அவர் ஊசி இல்லாமல் தூங்கிய முதல் தூக்கம் அது. பெரிய டாக்டர் தன் கையில் இருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். பெரிய சிஸ்டர் கட்டிய கையைப் பிரிக்கவே இல்லை, ஆனால் வெளியே போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. நானே பெற்ற பிள்ளை மேடையில் பரிசு வாங்கினால்கூட அவ்வளவு பெருமை வந்திருக்குமா தெரியாது. வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், என் பிள்ளைகள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு அவருக்குக் காலையிலும் சாயங்காலத்திலும் அந்த டேப்பைப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் கீறல் வரும் இடத்தில் விரல் மூன்று தடவை எழும். நாலாம் நாள் ஆபத்துக் கட்டம் தாண்டியது. பத்தாம் நாள் கீழே ஜெனரல் வார்டுக்கு மாற்றினோம். வீட்டுக்குப் போகிற அன்று என் மேஜை பக்கத்தில் வந்து நின்று, அன்றைக்கு அந்த எழவுப் பாட்டைக் கேட்டபோது என்ன நினைத்தார் என்று அவராகவே சொன்னார். சாகப்போறோம்கிற பயம் ஒரு பக்கம், என் செட்டை எவன் தொட்டான்கிற கோபம் ஒரு பக்கம், அந்தக் கோபத்துலதான் எந்திரிச்சு உக்காந்தேன் என்றார். பக்கத்தில் நின்ற சம்சாரம், இனி நான்தான் தொடுவேன், டாக்டரு உங்களக் குழாயத் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காக என்றார்.  முள்ளு புதுசா மாத்தணும், அதைப் பையப் பைய இறக்கு என்று மட்டும் சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கினார்.

அவர்கள் போன பிறகு நான் அவருடைய கேஸ் ஷீட்டைக் கட்டி வைப்பதற்காக எடுத்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில், ஊசி மருந்தெல்லாம் எழுதுகிற இடத்தில், பெரிய டாக்டர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. பாட்டுக்கு முன் நூற்று இருபத்திரண்டு, பாட்டுக்குப் பின் தொண்ணூற்று எட்டு, சிஸ்டர் எண்ணியது, நானும் எண்ணிப் பார்த்தேன், சரி. கீழே கையெழுத்து. எப்போது எழுதினார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அந்தத் தாளை அங்கேயே நின்று நாலு தடவை படித்தேன்.

அடுத்த வாரம் போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவரை நெஞ்சுவலியோடு கொண்டுவந்து அதே நாலாம் கட்டிலில் போட்டார்கள். முகமெல்லாம் வேர்வை, கண்ணில் அதே பயம். பெரிய டாக்டர் நின்றபடியே ஆக்சிஜன், டிரிப், ஊசி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் எழுதிக்கொண்டு வந்தேன். எல்லாம் சொல்லி முடித்துக் கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

“என்ன பாட்டுன்னு அவுக வீட்ல கேட்டுட்டீங்களா சிஸ்டர்?”

“கேட்டுட்டேன் டாக்டர்,” என்றேன். “எது போடக்கூடாதுன்னும் கேட்டுட்டேன்.”